வடக்கு அறையின் தரை

அந்தப் பூச்சு விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேறு கிழமையாக இருந்திருந்தால் இதை இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க முடியாது. திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருக்கும் பெண்கள் பள்ளி அது. மாதா கோயிலும் பள்ளியும் ஒரே வளாகத்தில் இருந்தன. பெரிய கூடத்தின் வடகோடியில், முதல் வரிசை பெஞ்சின் மேல், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கட்டி விழுந்து பலகையைப் பிளந்திருந்தது. பூசை முடிந்து வந்த தலைமையாசிரியை சிஸ்டர்தான் முதலில் பார்த்தார். மறுநாளே கூடத்தைப் பூட்டி, அங்கே படித்த பிள்ளைகளைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"நீ பில்டிங் எஞ்சினியர்தானே? ஒரு தடவ வந்து பாரு. இடிக்கணும்னு சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல."

நான் அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள். அந்தக் கூடத்தில்தான் பரீட்சை எழுதினேன், அந்தக் கூடத்தில்தான் ஆண்டுவிழாவில் ஆடத் தெரியாமல் ஆடினேன். ஆனால் சிஸ்டர் அழைத்ததும் நான் போனதற்கு அது காரணமில்லை. அப்படி ஒரு வேலைக்காகத்தான் ஒன்றரை வருடமாகக் காத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன் ஒன்பது வருடம் சென்னையில் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். வெளிநாட்டுக் கட்டிடங்களைக் கணினியில் கட்டுவது எங்கள் வேலை. வரைவது என்று சொல்லாமல் கட்டுவது என்று சொல்கிறேன், ஏனென்றால் காகிதத்தில் சுவர் என்பது இரண்டு கோடு. நாங்கள் செய்யும் மாடலில் சுவருக்குத் தான் சுவர் என்று தெரியும். எதனால் ஆனது, எவ்வளவு கனம், எதன் மேல் நிற்கிறது, தன் மேல் எது உட்கார்ந்திருக்கிறது என்றெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஒரு கதவை நகர்த்தினால் அது தொடர்பான எல்லாமே மாறிக்கொள்ளும். இங்கிலாந்தில் பழைய ஆஸ்பத்திரி ஒன்றைப் புதுப்பிக்க நான் மாடல் செய்தேன். அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனால் இன்றைக்கும் அந்த ஆஸ்பத்திரியின் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டால் சொல்வேன்.

ரயில்வேயில் வேலை பார்க்கும் என் கணவருக்கு விழுப்புரத்துக்கு மாற்றலானபோது வேலையை விட்டுவிட்டு வந்தேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், தையல் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தேன். பழைய கட்டிடங்களை மாடல் செய்து பழுது பார்க்கத் திட்டம் போட்டுத் தருவேன் என்று போர்டு வைத்தேன். வந்தவர்கள் எல்லாம் வீட்டுக்குப் பிளான் போடவே வந்தார்கள். ஒருவர் மட்டும் போர்டை முழுதாகப் படித்துவிட்டு, "பழசுக்கு எதுக்கும்மா பிளானு? அதான் கட்டியாச்சே" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிஸ்டர் கூப்பிட்ட மறுநாள் காலை பாசஞ்சரில் திண்டிவனம் போய் இறங்கினேன். கூடத்து வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். சிஸ்டர், பங்குச் சாமியார், இன்னொருவர் கான்ட்ராக்டர். கோயில், பள்ளி என்று பங்கின் எல்லாக் கட்டிட வேலைகளையும் பல வருடமாகச் செய்கிறவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஒரு சின்னச் சுத்தியல். சுவரில் இங்கே ஒன்று அங்கே ஒன்று தட்டிக் காட்டினார்.

"சத்தத்த கேளுங்க மேடம். உள்ள ஒன்னுமில்ல. ஆயுசு முடிஞ்சிபோன பில்டிங். பேசாம இடிச்சிட்டு காங்கிரீட்ல கட்டிக்கினா நூறு வருஷம் கவலையில்ல."

நான் உள்ளே போனேன். இரண்டு முழம் கனமுள்ள சுவர்கள். மேலே தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை. எங்கள் பக்கத்தில் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். கூடத்தின் வடக்குச் சுவரில் ஒரு விரிசல், கூரையிலிருந்து ஜன்னல் வரை கோணலாக இறங்கியிருந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய ஓர் அறை. நாங்கள் வடக்கு அறை என்போம். என் எட்டாம் வகுப்பு அங்கேதான்.

"ஃபாதர், எனக்கு ரெண்டு வாரம் குடுங்க" என்றேன். "அளந்து, மாடல் போட்டு, எது கெட்டிருக்கு, எது நல்லா இருக்குன்னு காட்டறேன். அதுக்கப்புறம் இடிக்கணும்னா நானே இடிக்கச் சொல்றேன்."

சாமியார் கான்ட்ராக்டரைப் பார்த்தார். கான்ட்ராக்டர் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு, "பாக்கட்டும் சாமி, படிச்ச புள்ள" என்றார். அதில் கேலி இருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. எனக்கு என் வேலை தெரியும்.

லேசர் ஸ்கேனரைப் புதுச்சேரியில் வாடகைக்கு எடுத்தேன். முக்காலியின் மேல் உட்கார்ந்து தலையைச் சுற்றிக்கொண்டே, தன்னைச் சுற்றியுள்ள ஒவ்வொரு இடமும் எவ்வளவு தூரம் என்று நொடிக்குப் பல ஆயிரம் தடவை அளக்கும் கருவி அது. அரையாண்டு விடுமுறை தொடங்கியிருந்தது. வளாகத்தில் யாருமில்லை. தனியாக இருக்கிறேன் என்று தெரிந்ததும் என் அம்மா, பக்கத்து ஊரிலிருந்து இரண்டாவது நாள் பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு தூக்குச் சட்டியில் சோறும், துணியில் முடிந்த, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் அவித்த வேர்க்கடலையும்.

அம்மா முப்பது வருடம் சித்தாள் வேலை செய்தவர். திண்டிவனத்தைச் சுற்றி அவர் கல்லும் கலவையும் சுமக்காத தெரு குறைவு. அப்பா இறந்த பிறகு அவர் வேலைக்குப் போவதை நான் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவ்வப்போது போய்க்கொண்டுதான் இருந்தார்.

கருவி வடக்கு அறையில் சுற்றிக்கொண்டிருந்தபோது அம்மா வாசற்படியிலேயே நின்றார்.

"உள்ள வாம்மா."

"வாணாம்டி. நீ முடிச்சிட்டு ஜல்தியா வெளிய வா."

நான் படித்த காலத்திலும் அம்மா கேட்டோடு நின்றுவிடுவார். பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாதான் வருவார். வெட்கம் என்று நினைத்திருந்தேன். அன்றும் அப்படியே நினைத்தேன்.

விழுப்புரம் திரும்பி, அளவுகளை எல்லாம் கணினியில் சேர்த்தேன். முதலில் வருவது கோடிக்கணக்கான புள்ளிகள். கட்டிடம் புகையால் செய்தது போல் திரையில் நிற்கும். அதன் மேல் ஒவ்வொரு சுவரையும் சட்டத்தையும் நான் வைத்து வைத்துக் கட்ட வேண்டும். ஒன்பது நாள் ஆனது. முப்பத்தெட்டுத் தேக்குச் சட்டங்களுக்கும் எண் போட்டேன். ஏணி வைத்து ஊசியால் குத்திப் பார்த்து எடுத்த குறிப்புகளை ஒவ்வொன்றிலும் ஏற்றினேன். ஏழு சட்டங்கள் முனையில் உளுத்திருந்தன, மற்றவை இரும்பு மாதிரி. கூடத்தின் மூன்று சுவர்கள் எவ்வளவு நேராக இருந்தன என்றால், நான் அளவில் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி சரிபார்த்தேன். தப்பு இல்லை. அந்தக் காலத்துக் கொத்தனார் தூக்குக்குண்டை வைத்துக்கொண்டு சாதித்தது, என் லேசரில் விரல் கனம்கூடப் பிசகவில்லை.

கோளாறு வடக்குப் பக்கம் மட்டும்தான். வடக்கு அறை ஒரு மூலையில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அறையின் சுவரைக் கூடத்துச் சுவரோடு பல்லுப் பல்லாகக் கோத்துக் கட்டியிருந்தார்கள். அதனால் அது இறங்கும்போது கூடத்தின் சுவரையும் பிடித்து இழுத்தது. இழுத்ததில் சுவர் விரிந்தது, சுவரில் உட்கார்ந்திருந்த சட்டங்களின் பிடி தளர்ந்தது, பூச்சு விழுந்தது. ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டே போவது போல் மாடலில் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கணினி முன்னால் உட்கார்ந்து நான் கை தட்டிவிட்டேன். கீழே தையல் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே வந்து பார்த்தார்.

அறை ஏன் இறங்குகிறது? அதே மூலையில் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் உடைந்திருந்தது. அந்த வருடம் நல்ல மழை. தண்ணீர் அஸ்திவாரத்தில் இறங்கி மண் இளகிவிட்டது என்று அறிக்கையில் எழுதினேன். குழாயை மாற்றி, அஸ்திவாரத்தைப் பலப்படுத்தினால் போதும். சந்தேகமே இல்லாமல் எழுதி சாமியாருக்கு அனுப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா விழுப்புரம் வந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, என்னதான் செய்தேன் என்று காட்டலாமே என்று லேப்டாப்பை மடியில் வைத்தேன். கூடத்துக்குள் நடப்பது போல் திரையில் நடந்து காட்டினேன். கூரையைத் தூக்கிக் காட்டினேன். அம்மா ரசித்துப் பார்த்தார். "அய்ய, ஆணி கூட தெரியுது." பிறகு வடக்கு அறையின் தரையைக் காட்டினேன். உயரமான இடம் சிவப்பு, தாழ்ந்த இடம் நீலம் என்று நிறம் கொடுத்திருந்தேன். மூலையோரம் நீலமாக ஒரு வட்டம். கண்ணுக்குத் தெரியாத பள்ளம்தான், இரண்டு விரல் கனம் இருக்கும். நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது.

அம்மா கையைத் திரையில் வைத்துவிட்டார்.

"இது இன்னாடி ரவுண்டா கீது?"

"தரை எறங்கியிருக்கும்மா. மழத்தண்ணி."

"மழத்தண்ணி இல்ல. கெணறு."

"எந்தக் கெணறு?"

"அந்த ரூம்புக்கு அடியில கெணறு கீதுடி. நாங்கதான் தூத்தோம்."

அம்மா சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. நான் பிறப்பதற்கு முன், அந்த அறையைக் கட்டிய வேலையில் அம்மா சித்தாள். அந்த இடத்தில் வற்றிப்போன ஒரு செங்கல் கிணறு இருந்தது. பள்ளி திறப்பதற்குள் அறை முடிய வேண்டும். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கிணற்றை அடியிலிருந்து கல்லும் மணலும் போட்டுக் கெட்டித்துக்கொண்டு வர நேரமில்லை.

"மேஸ்திரி சொன்னான், கையில கெடைக்கிறத போடுங்கன்னு. பன மட்ட, ஓலை, ஒடஞ்ச ஓடு, தென்ன மரத்து அடிக்கட்ட, எல்லாத்தயும் போட்டோம். மேல செம்மண்ணு. மூணு நாளு நான் சொமந்தேன், கூட நாலு பொம்பளைங்க. மறுநாளே மேல அஸ்திவாரக் கல்லு வுட்டுட்டாங்க."

"யார்கிட்டயும் சொல்லலயா?"

"யார்கிட்ட சொல்றது? வெளிய பேசனா அடுத்த வேலைக்கி கூப்பிட மாட்டேன்னான். சாமி வந்து பாக்கும்போது செம்மண்ணுதான் தெரிஞ்சிது."

அப்போதுதான் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பு முழுக்க அம்மா தினமும் ஒரே கேள்வி கேட்பார். எந்தப் பக்கம் உக்காந்துக்கினு இருக்க? கதவுப் பக்கம் உக்காரு, காத்து வரும். நான் காற்றுக்காகத்தான் என்று நம்பி, டீச்சரிடம் கெஞ்சி, வருடம் முழுக்கக் கதவோரமாக உட்கார்ந்தேன்.

"பயந்துக்கினே இருந்தியாம்மா?"

"பின்ன? பெத்தவளுக்கு பேஜாரா இருக்காதா?"

அம்மாவின் மேல் எனக்கு ஒரு நிமிடம் கோபமும் வந்தது. அந்த அறையில் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஆனால் முப்பத்தைந்து வருடத்துக்கு முன், காலனியிலிருந்து வந்த கல்யாணமான புதுப்பெண், தலையில் சும்மாட்டோடு போய்ச் சாமியாரின் மேஜை முன்னால் நின்று, மேஸ்திரி ஏமாற்றுகிறார் என்று சொல்லியிருப்பாரா? சொல்லியிருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள்? கோபம் தங்கவில்லை. சாமியாருக்குப் போன் செய்து, அறிக்கையில் ஒரு விஷயம் தவறு, நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். அம்மாவிடம், "நீயும் வரணும்" என்றேன்.

"நானா? நான் இன்னாத்துக்கு?"

"நீதான் பாத்த ஆளு. நான் பாக்கல."

அம்மா பையை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை நான் திண்டிவனத்தில் ரயிலிலிருந்து இறங்கியபோது, கல்யாணத்துக்குக் கட்டும் பச்சைச் சேலையில் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தார்.

சாமியாரின் அறையில் சிஸ்டர் அம்மாவுக்கு நாற்காலி போட்டார். அம்மா அதன் விளிம்பில் உட்கார்ந்தார். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. காரணம் மழைத்தண்ணீர் என்று எழுதினேன், அது தவறு, அடியில் கிணறு இருக்கிறது, அதைத் தூர்த்த வேலையில் என் அம்மா இருந்தார் என்று சொன்னேன்.

கான்ட்ராக்டர் சிரிக்கவில்லை. நியாயமாகத்தான் கேட்டார்.

"மேடம், மெஷின் வச்சி அளந்துட்டு மழத்தண்ணின்னு எழுதனீங்க. இப்ப கெணறுன்றீங்க. நாளைக்கி இன்னா சொல்வீங்க? இத நம்பி நான் எப்டி வேலைல எறங்கறது?"

"நான் அளந்தது தப்பில்லங்க. பள்ளம் அங்கதான் இருக்கு. ஏன் இருக்குன்னு நான் ஊகிச்சதுதான் தப்பு. ஊகம் வேணாம், தோண்டிப் பாத்துடலாம். ரெண்டடிக்கு ரெண்டடி ஒரு குழி."

"எந்த எடத்துல?"

நான் மாடலில் பள்ளத்தின் நடுவைக் குறித்து வைத்திருந்தேன். எல்லோரும் எழுந்து வடக்கு அறைக்குப் போனோம். நான் நாடாவைப் பிடித்துச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அம்மா வாசற்படியில் நின்று அதைப் பார்த்தார். பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கூடத்துச் சுவரில் இருந்த பழைய ஜன்னலைப் பார்த்தார். அதிலிருந்து நேராக நடந்து வந்து, என் குறிக்கு இரண்டடி தள்ளி நின்றார்.

"இங்க தோண்டச் சொல்லுங்க சாமி. இந்த சன்னலுக்கு நேரா நின்னுதான் நான் பாண்டு சட்டியால மண்ண கொட்டுனேன். கெணத்து வெளிம்பு இதான்."

"கண்டிப்பா தெரியுமாம்மா?" என்று சாமியார் கேட்டார்.

"காலு வழுக்கி உள்ள வுழ இருந்தேன் சாமி. எடம் மறக்குமா?"

இரண்டு ஆட்கள் தரைச் சிமெண்டைப் பெயர்த்தார்கள். மணல், அதன் கீழே செம்மண். ஒரு முழம் போனதும் கடப்பாரை டங்கென்றது. கையால் மண்ணை ஒதுக்கியபோது செங்கல். வரிசையாக, வளைந்து, பிறை மாதிரி. வளைவுக்கு வெளியே மண் கெட்டியாக இருந்தது. வளைவுக்கு உள்ளே ஆள் கடப்பாரையைக் குத்தியதும், தடுக்காமல் பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. இழுத்தபோது கறுப்பாக, மக்கிய ஓலை வாசனையோடு வந்தது. அந்த வாசனை அந்த அறையில் கொஞ்ச நேரம் நின்றது. அவ்வளவு வருடம் நாற்பது நாற்பது பிள்ளைகள் அதன் மேல் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லியிருக்கிறோம்.

கான்ட்ராக்டர் குழியோரம் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து, என்னைத் தாண்டி அம்மாவிடம் போனார்.

"ஆமாம்மா. கெணறுதான்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என்னோடு வாதம் செய்ததெல்லாம் வேலையைப் பற்றி மட்டும். நல்ல வாதங்கள்.

என் குறி கிணற்றின் நடுவிலும் இல்லை, விளிம்பிலும் இல்லை; ஏன் என்று பிறகு புரிந்தது. வெளிச்சுவரின் பாரம் ஒரு பக்கமாக அழுத்தியதால் தரை அந்தப் பக்கம் அதிகம் இறங்கியிருந்தது. அன்று என் குறியில் தோண்டியிருந்தால் வெறும் குப்பை மண் கிடைத்திருக்கும். செங்கல் கிடைத்திருக்காது. யாரையும் நம்ப வைத்திருக்க முடியாது.

முடிவு சுலபமாக வந்தது. வடக்கு அறையை எடுத்துவிட வேண்டும். கூடம் நிற்க வேண்டும். கான்ட்ராக்டர் பெரிய மெஷினைக் கொண்டுவந்து அறையை ஒரே நாளில் தள்ளிவிடலாம் என்றார். நான் அவரை விழுப்புரத்துக்கு வரச் சொல்லி, கணினி முன்னால் உட்கார வைத்தேன். வேலை எந்த வரிசையில் நடந்தால் என்ன ஆகும் என்று மாடலில் ஓட்டிக் காட்டலாம். அறையை முதலில் எடுத்தேன். கூடத்தின் வடக்குச் சுவர் அதோடு கோத்திருப்பதால் என்னென்ன பிடி விடும் என்று சிவப்பில் காட்டினேன். ஒன்றாம் எண் சட்டத்திலிருந்து ஐந்தாம் எண் வரை, ஐந்தும் அந்தச் சுவரைத்தான் நம்பி உட்கார்ந்திருந்தன.

"அஞ்சும் வந்துடுமா?" என்றார்.

"மெஷின் ஒரு தட்டு தட்டினா போதும்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "திருப்பிப் போடுங்க" என்றார். மூன்று தடவை பார்த்தார். பிறகு அவரே வரிசையைச் சொன்னார். முதலில் ஐந்து சட்டங்களுக்கும் கீழே இரும்பு முட்டு. அடுத்து, இரண்டு சுவரும் கோத்திருக்கும் இடத்தை சுவர் அறுக்கும் மெஷின் வாளால் மேலிருந்து கீழே அறுத்துப் பிரிப்பது. அது முடிந்த பிறகுதான் அறையில் கை வைப்பது, அதுவும் கையாலேயே, மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக. மாடலில் அப்படியே போட்டேன். ஒவ்வொரு கட்டத்தையும் படமாக எடுத்து அவருடைய போனுக்கு அனுப்பினேன். மறுநாள் போனபோது அந்தப் படங்களை அச்சடித்துப் பள்ளி வளாகத்து வேப்பமரத்தில் ஒட்டி வைத்திருந்தார்.

சுவரை அறுத்த நாளைப் பற்றி மட்டும் சொல்லத்தான் வேண்டும். காலையில் தொடங்கி, மதியம் இரண்டு மணி வாக்கில் கடைசி இரண்டு அடியில் வாள் இறங்கிக்கொண்டிருந்தது. கூடத்துக்குள் டப்பென்று ஒரு சத்தம். வாளைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டு ஓடினார்கள். கான்ட்ராக்டர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கால் மணி நேரம் ஒன்றும் விழவில்லை.

நான் உள்ளே போகிறேன் என்றேன். "மேடம், பைத்தியமா நீங்க?" என்றார் கான்ட்ராக்டர். ஐந்து சட்டங்களும் முட்டின் மேல் இருக்கின்றன, சுவர் போனால்கூட அவை வராது, அதைக் கணக்குப் போட்டுத்தான் முட்டு வைத்தோம் என்றேன். தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு முட்டுகளுக்கு நடுவே நடந்து வடக்குச் சுவருக்குப் போனேன். விரிசல் அசைந்தால் தெரியட்டும் என்று அதன் குறுக்கே நாங்கள் ஒட்டி வைத்திருந்த கண்ணாடித் துண்டு உடைந்திருந்தது. சத்தம் அதுதான். ஆனால் விரிசல் பெரிதாகவில்லை. அளந்தேன். ஒரு நூல் அளவு குறைந்திருந்தது. இத்தனை வருடம் இழுத்துப் பிடித்திருந்தது விட்டதும் சுவர் கொஞ்சமாகத் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது.

வெளியே வந்து சொன்னதும் வாள்காரர்களில் ஒருவர், "அப்ப பில்டிங் மூச்சு வுட்டுச்சின்னு சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிஸ்டர் கொடுத்த மோரை ஒரே மடக்கில் குடித்தேன்.

அறையைப் பிரித்த வாரம் அம்மா தினமும் வந்தார். வேலை செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தேன். பழைய செங்கல்லில் ஒட்டியிருந்த சாந்தைக் கொத்தி அடுக்கிக்கொண்டிருந்த பெண்களோடு உட்கார்ந்து அவரும் கொத்தினார். தன் கையால் சுமந்து கட்டிய அறை போகிறதே என்று வருத்தமாக இருக்குமோ என்று நினைத்துக் கேட்டேன்.

"வருத்தமா? எனக்கு இன்னிக்கிதான்டி நிம்மதி."

கிணற்றை அடிவரை தூர் வாரினார்கள். பனை மட்டை இன்னும் மட்டையாகவே சில வந்தன. கிணற்றின் செங்கல் உறை நன்றாக இருந்தது. மறுபடி மூடுவதற்குப் பதிலாக, கூடத்துக் கூரைத் தண்ணீர் முழுவதும் அதில் இறங்கும்படி குழாய் போட்டு, மேலே கனமான இரும்புக் கம்பி வலை போட்டுப் பூட்டினோம். கூடத்தில் ஏழு சட்டங்களின் உளுத்த முனைகளை வெட்டி, பழைய தேக்கையே வாங்கி இணைத்தோம். கோட்டக்குப்பத்தில் ஒரு பழைய வீட்டைப் பிரித்த மரம் அது. விரிசலைச் சுண்ணாம்புக் கலவை செலுத்தி அடைத்தோம். அங்கே சிமெண்டு வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் கான்ட்ராக்டர் இரண்டு நாள் சண்டை போட்டார். பிறகு அவரே தன் ஆட்களிடம், "பழைய சொவுரு வேர்க்கும்யா, சிமெண்ட் போட்டா எப்டி வேர்க்கும்?" என்று விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். விழா எதுவும் இல்லை. சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தண்ணீர் தெளித்தார். அம்மா அன்று ஊர்க் கோயிலுக்குப் போவது போலச் சாதாரணமாக உள்ளே வந்து, கடைசி பெஞ்சில் ஒரு பாடவேளை முழுவதும் உட்கார்ந்திருந்தார். கணக்கு வகுப்பு. டீச்சர் தன் பாட்டுக்குப் பாடம் நடத்தினார்.

அந்த மாடலை நான் பள்ளிக்கு ஒப்படைக்க வேண்டியிருந்தது. இனி அந்தக் கட்டிடத்தில் ஓர் ஆணி அடித்தாலும் அதில் பதிய வேண்டும் என்று சிஸ்டருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறிப்புப் பட்டியல் உண்டு. என்ன அளவு, எதனால் ஆனது, இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது. சுவர்களுக்கும் சட்டங்களுக்கும் 'லேசர் அளவு' என்று போட்டிருந்தேன். கிணறு என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேப்பை அடை தின்றுகொண்டிருந்தார்.

"இங்க யார் சொன்னதுன்னு எழுதணும். உன் பேரப் போடறேன்."

"எம் பேரா? எதுக்குடி? யாரு படிப்பாங்க?"

"அடுத்து இந்தக் கட்டிடத்துல வேல செய்ய வர்றவங்க எல்லாரும் படிப்பாங்க. அம்பது வருஷம் கழிச்சிகூட."

அம்மா அடையைத் தட்டில் வைத்தார். சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார்.

"அப்ப சித்தாளுன்னும் போடு" என்றார். "மூணு நாளு மண்ணு சொமந்ததயும் போடு."

அவர் சொன்னபடியே தட்டினேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்துக் காட்டினேன்.